மாவி கடற்கரை ரிசார்ட்டில் லெய், ஹூலா, கனூ, லூவாவ்: எதற்கு நேரம் ஒதுக்கலாம், எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கீற்றுக்கொட்டகை

பிப்ரவரி நடுவில் ஹவாயின் மாவி தீவு, கானாபாலி கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் 5 இரவு தங்குகிறோம். அப்பா, அம்மா (70ஐ ஒட்டிய வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம்), கர்ப்பமாக இருக்கும் தங்கை, 12 வயதுப் பையன், 6 வயதுப் பெண், நான்.

ரிசார்ட்டிலிருந்து வாராந்திர நிகழ்ச்சி அட்டவணை வந்திருக்கிறது. லெய் (ஹவாய் மாலை) கட்டுதல், ஹூலா (ஹவாய் நடனம்), யூகலேலே (சின்ன கிதார் மாதிரி வாத்தியம்), தாழை ஓலைப் பின்னல், மூங்கில் அச்சு, அவுட்ரிகர் கனூ (பக்கத்தில் மிதவைக்கட்டை வைத்த துடுப்புப் படகு), ஸ்நார்கல் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மீன் பார்ப்பது), மாலையில் தீப்பந்தம் ஏற்றுதல், வாரத்தில் சில நாள் லூவாவ் (ஆட்டம் பாட்டத்தோடு ஹவாய் விருந்து). பாதி "கட்டணத்தில் அடங்கும்", மீதி "டெஸ்க்கில் கேட்கவும்" என்று போட்டிருக்கிறது.

என் கேள்விகள்: இதில் எது உண்மையிலேயே ஹவாய்க்காரர்களுடையது, எது டூரிஸ்டுக்காகச் செய்தது? யாருக்கு எது ஒத்துவரும்? லூவாவில் சைவக்காரர்கள் என்ன சாப்பிட முடியும்? கடலில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்? படத்தோடு போட்டிருக்கும் விளம்பரக் கட்டுரைகள் நிறையப் படித்தாயிற்று, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஊசிநூல்

கரையில் நடக்கும் வகுப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடலுக்கும் சாப்பாட்டுக்கும் இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் காசு. மாவியில் ரிசார்ட் கட்டணம் ஒரு அறைக்கு ஒரு இரவுக்குப் பெரும்பாலும் 40 முதல் 60 டாலர். அதற்கு மேல் வரி 18 சதவீதத்தைத் தாண்டும். வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் இந்தப் பணம் போய்விடும். அதனால் "கட்டணத்தில் அடங்கும்" என்று இருப்பதை எல்லாம் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். அறைக்குள் போன உடனே பெயர் பதியுங்கள். லெய்க்கும் ஓலைப் பின்னலுக்கும் பூவும் ஓலையும் எண்ணித்தான் வைத்திருப்பார்கள், முந்திய நாள் மாலையிலேயே இடம் நிரம்பிவிடும்.

"டெஸ்க்கில் கேட்கவும்" என்பதில் ஒரு உஷார். லாபியில் இருக்கும் ஆக்டிவிட்டி டெஸ்க் பல இடங்களில் டைம்ஷேர் (விடுமுறை வீட்டில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் பங்கு) விற்பவர்களோடு சேர்ந்தது. லூவாவ் டிக்கெட் பாதி விலை என்றால், ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் விற்பனைப் பேச்சுக்கு உட்கார வேண்டும் என்று அர்த்தம். கலை வகுப்புகளுக்குப் பொறுப்பாகக் கலாசார ஆலோசகர் என்று ஒருவர் தனியாக இருக்கும் ரிசார்ட்டுகள் உண்டு. அவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அப்படி ஒருவர் இருந்தாலே அட்டவணை நம்பக்கூடியது என்பது என் கணிப்பு.

லெய். வகுப்பில் பெரும்பாலும் ஊசியில் கோக்கும் முறைதான் இருக்கும், அதற்கு ஹவாயில் குயி என்று பெயர். ஒரு அடிக்குக் குறையாத நீள ஊசி, இரட்டை நூல், கிட்டத்தட்ட 50 ப்ளுமேரியா பூ. பூவின் நடுக்குழியில் ஊசியை விட்டுக் காம்புக் குழல் வழியாக நேராக வெளியே எடுக்க வேண்டும். சாய்த்துக் குத்தினால் இதழ் கிழிந்து ஒரு மணி நேரத்தில் பழுப்படிக்கும். ஐந்தாறு பூவை ஊசியிலேயே சேர்த்துக்கொண்டு, காம்புப் பக்கத்தைப் பிடித்து மொத்தமாக நூலுக்குத் தள்ளுங்கள். ஒவ்வொன்றாக இழுத்தால் நூல் பூவை அறுக்கும். இரண்டு முனையிலும் நாலு அங்குலம் விட்டால்தான் முடிச்சுப் போட வரும். ப்ளுமேரியாவின் பால் சிலருக்கு அரிக்கும். குழந்தை கண்ணைக் கசக்குவதற்குள் கையைக் கழுவிவிடுங்கள்.

டி இலை லெய் வகுப்பும் இருந்தால் அதைத்தான் முதலில் எடுப்பேன். (தேயிலை அல்ல. கார்டிலைன் என்ற செடியின் நீளமான, பளபளப்பான இலை.) பூ மறுநாள் வாடும், இது காய்ந்தும் நிற்கும். இலையின் நடு நரம்பை உரித்து எடுத்துவிட்டு, உறையவைத்தோ சூடுகாட்டியோ மெதுவாக்கித் தருவார்கள். இரண்டு புரியாகப் பிடித்து, முடிச்சைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, நம்மூரில் கயிறு திரிப்பது போலத்தான் வேலை: ஒவ்வொரு புரியையும் வலப்பக்கமாக முறுக்கு, பிறகு ஒன்றின் மேல் ஒன்றை இடப்பக்கமாகப் போடு. முறுக்குவதும் மடிப்பதும் ஒரே திசையில் போனால் கையை விட்ட உடனே எல்லாம் பிரிந்துவிடும். வகுப்பில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இலை மெலியும்போது புது இலையைச் சொருக வேண்டும். இரண்டு புரிக்கும் ஒரே இடத்தில் சொருகாதீர்கள், அங்கே முண்டு விழும். அப்பா உட்கார்ந்த இடத்தில் செய்யலாம்.

ஹூலா. கையைப் பார்த்துக் கற்க நினைப்பார்கள், ஆனால் வேலை எல்லாம் முழங்காலில். அடிப்படை நடை காஹோலோ: வலது கால் பக்கவாட்டில், இடதைச் சேர், மறுபடி வலது, இடதைத் தட்டு. நாலு எண்ணிக்கை. பிறகு அதையே இடப்பக்கம். முழங்கால் முழுநேரமும் மடங்கியே இருக்க வேண்டும், தலை ஒரே மட்டத்தில் போக வேண்டும். அப்படி நடந்தால் இடுப்பு தானாக அசையும். இடுப்பை ஆட்டவேண்டும் என்று நினைத்து முழங்காலை நிமிர்த்துபவர்களுக்கு மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கு இது சரிவராது. ஆனால் உட்கார்ந்தே ஆடும் ஹூலா நோஹோ என்ற வகை மரபிலேயே உண்டு. "நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் கற்றுக்கொள்ளலாமா?" என்று ஆசிரியையிடம் கேளுங்கள்.

மேளத்தோடும் ஓதலோடும் வருவது பழைய வகை, ஹூலா கஹிகோ. யூகலேலே, கிதாரோடு வருவது ஆவுவானா. வகுப்பில் சொல்லித்தருவது அநேகமாக இரண்டாவது. 1830இல் ராணி காஅஹுமானு பொது இடங்களில் ஹூலாவைத் தடை செய்தார். கலாகாவா அரசர் 1883 முடிசூட்டு விழாவில் அதை மறுபடி மேடையேற்றினார். இன்று பக்கத்துத் தீவின் ஹீலோ நகரில் நடக்கும் மெரி மோனார்க் ("உல்லாச அரசர்") ஹூலா விழாவின் பெயர் அவரைக் குறித்ததுதான். புல் பாவாடை ஹவாய்க்குச் சொந்தமானது அல்ல, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பசிபிக்கின் கில்பர்ட் தீவுகளிலிருந்து வந்தவர்களோடு வந்தது. தேங்காய்ச் சிரட்டை மார்க்கச்சை மாட்டிப் படம் பிடிக்கும் "ஹூலா வகுப்பு" என்றால் அந்த நேரத்தில் நீச்சல் குளத்துக்குப் போகலாம்.

யூகலேலே. 1879இல் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் மதீரா தீவிலிருந்து வந்த போர்த்துகீசியர்கள் கொண்டுவந்த சின்ன வாத்தியத்திலிருந்து உருவானது. நாலு கம்பி: ஜி, சி, ஈ, ஏ. அரைமணி வகுப்பில் மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரும். சி கார்டுக்கு ஏ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மோதிர விரலால் அழுத்தினால் போதும். எஃப் கார்டுக்கு ஜி கம்பியில் இரண்டாவது, ஈ கம்பியில் முதலாவது. ஜி7க்கு சி கம்பியில் இரண்டு, ஈயில் ஒன்று, ஏயில் இரண்டு. ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னால் அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் அதிகப் பலம் வேண்டும், ஃப்ரெட் மேலேயே வைத்தால் ஒலி மங்கும். மீட்டுவது துளைக்கு மேலே அல்ல, கழுத்து உடலோடு சேரும் இடத்தில். பையன் பிடித்துக்கொள்வான். 6 வயதுக்கு எஃப் கொஞ்சம் சிரமம், சியை மட்டும் வைத்துக்கொண்டு தாளம் போடட்டும்.

தாழை ஓலை. ஹவாயில் ஹலா மரம், ஓலைக்கு லாவுஹலா. முள்ளை எடுத்து, ஓலையை நீவி, சுருளாகச் சுற்றி வைத்து, பிறகு ஒரே அகலக் கீற்றாகக் கிழிப்பதுதான் பெரிய வேலை. அதை முன்பே செய்து வைத்திருப்பார்கள். நீங்கள் செய்வது கைவளையம். ஓலை ஈரப்பதமாக இருக்க வேண்டும், நனைந்திருக்கக் கூடாது. நனைந்ததைப் பின்னினால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும். காய்ந்ததை மடித்தால் மூலையில் வெடிக்கும்.

மூங்கில் அச்சு வகுப்பைச் சின்னவளுக்கு விடுங்கள். கபா என்ற மரப்பட்டைத் துணியில் அச்சிடும் மரபு அது, ரிசார்ட்டில் பருத்தித் துணியில் செய்வார்கள். சாயத்தை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிசாகப் பூசி, நேராக வைத்து, நேராகத் தூக்க வேண்டும். சாயம் அதிகமானால் கோட்டுக்கு நடுவே நிரம்பிக் கோலம் தெரியாது.

---

மிதவைப்பக்கம்

கடலைப் பற்றி. உங்கள் மாதத்துக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

கானாபாலி மேற்கு பார்த்த கரை. காலையில் தண்ணீர் அமைதியாக இருக்கும், பிற்பகலில் காற்று எழும். அதனால் கனூவும் ஸ்நார்கலும் 10 மணிக்குள் முடியுமாறு பதியுங்கள், ஓலை பின்னுவதை எல்லாம் மதியத்துக்குத் தள்ளுங்கள். பிப்ரவரியில் வடமேற்கிலிருந்து அலைப்பெருக்கு வந்தால் இதே கரையில் ஆளைப் புரட்டும். "நேற்று குளம் மாதிரி இருந்ததே" என்பது இன்றைக்கு உதவாது.

பலரும் கவனிக்காத ஒன்று: ரிசார்ட்டுகளுக்கு முன்னால் உள்ள நீண்ட மணலில் கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) உயிர்காப்பாளர் கிடையாது. தென்கோடியில் ஹனகஓஓ கடற்கரைப் பூங்காவில் இருக்கிறார்கள். கனூ பீச் என்றால் எல்லோருக்கும் தெரியும், மணலோரமாக நடந்தே போகலாம். குழந்தைகளைக் குளிக்க வைக்க அதுவே நல்லது. ஹவாயில் கடற்கரை பொதுச் சொத்து. எந்த ரிசார்ட்டுக்கு முன்னாலும் நீங்கள் உட்காரலாம், நாற்காலி மட்டும்தான் அவர்களுடையது.

கனூ. இது உண்மையான ஹவாய்ப் பொருள், ஆட்டம் காட்டுவதற்காகச் செய்தது அல்ல. ஆறு பேர் படகு. இடப்பக்கம் ஆமா என்ற மிதவைக்கட்டை, அதைப் படகோடு சேர்க்கும் இரண்டு வளைகம்பு இயாகோ. ஆறாவது இடத்தில் சுக்கான் பிடிப்பவர் ரிசார்ட் ஆள். முதலாம் இடம் வேகத்தைத் தீர்மானிக்கும், மற்றவர்கள் முன்னால் இருப்பவரைப் பார்த்துத் துடுப்புப் போட வேண்டும். 12 முதல் 16 வீச்சுக்கு ஒருமுறை "ஹட்" என்று குரல் வரும். இன்னும் ஒரு வீச்சு, "ஹோ", எல்லோரும் பக்கம் மாற்ற வேண்டும்.

துடுப்பு நேராக இருக்காது, தகடு லேசாக வளைந்திருக்கும். தகடு உங்களிடமிருந்து முன்பக்கமாகச் சாயும்படி பிடிக்க வேண்டும். புதியவர்களில் பாதிப் பேர் திருப்பிப் பிடித்துத் தண்ணீரை மேலே தூக்கிக்கொண்டிருப்பார்கள். மேல் கை டி வடிவப் பிடியின் மேல், கீழ்க் கை தகட்டுக்கு ஒரு சாண் மேலே. கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுங்கள். தோளுக்கு வேலை கொடுத்தால் பத்தே நிமிடத்தில் ஓய்ந்துவிடும்.

கவிழ்வதற்கு முக்கியக் காரணம், எல்லோரும் ஆமை பார்க்க வலப்பக்கம் சாய்வது. மிதவை இடப்பக்கம்தானே, அது தண்ணீரை விட்டு எழும்பினால் அடுத்த நொடி புரளும். சந்தேகம் வந்தால் இடப்பக்கம் சாயுங்கள். கவிழ்ந்தாலும் படகையும் துடுப்பையும் விடாதீர்கள், படகு மிதக்கும். கரையில் நிற்கும் கனூவைத் தாண்டிக் குதிக்காமல் சுற்றிப் போங்கள், அது அங்கே மரியாதை. பையனுக்கு மிகப் பொருத்தம். 6 வயதுக்கு எடுப்பார்களா என்பதை ரிசார்ட்டிடம் கேட்க வேண்டும். அம்மாவுக்கு வேண்டாம், அலைக்கு நடுவே தொடை உயரத்துக்குக் காலைத் தூக்கி ஏற வேண்டியிருக்கும்.

ஸ்நார்கல். புவு கெகஅ என்ற கரும்பாறை முனை கடற்கரையின் வடபகுதியில். மீன் நிறைய உண்டு. மணலை ஒட்டிய உள்பக்கம் சரி, முனையைச் சுற்றி வெளியே போனால் நீரோட்டம். பாறை மேலிருந்து குதிப்பதைப் பார்த்துப் பையன் கேட்பான். அந்த இடம் ஆவிகள் இவ்வுலகை விட்டுத் தாவும் இடமாக ஹவாய்க்காரர்கள் போற்றுவது. சூரியன் மறையும்போது தீப்பந்தத்தோடு ஒருவர் குதிப்பது கஹெகிலி அரசர் அங்கே குதித்ததை நினைவுகூரும் சடங்கு. அதைக் கரையிலிருந்து பாருங்கள், அது இலவசம்.

முகமூடி பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சுங்கள். கையை எடுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தால் சரி. மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவு மழித்தாலே நின்றுவிடும், அது மனசு வராதவர்கள் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்கக் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு, தேய்த்து ஒரே முறை அலசினால் போதும்.

ஹவாயில் ஸ்நார்கல் செய்யும்போது இறப்பவர்கள் எல்லோரும் தத்தளித்து மூழ்குபவர்கள் அல்ல. குழாய் வழியாக மூச்சை இழுக்க அதிகப் பலம் வேண்டியிருந்தால் நுரையீரலில் நீர் கோக்க வாய்ப்புண்டு. சத்தமே இல்லாமல் நடக்கும், வயதானவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அதனால் அப்பா இறங்குவதானால்: முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை, வால்வு இல்லாத அகலமான எளிய குழாய், கால் தரையில் ஊன்றும் ஆழம், பக்கத்தில் ஒரு ஆள். காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ கை கால் தளர்ந்தாலோ உடனே எழுந்து நின்று முகமூடியைக் கழற்றிவிட்டுக் கரையேற வேண்டும். நீண்ட விமானப் பயணம் முடிந்த மறுநாளே இறங்க வேண்டாம்.

சன்ஸ்கிரீன்: 2022 அக்டோபரிலிருந்து மாவி கவுண்டியில் தாதுவகை தவிர மற்றதை விற்கவும் கூடாது, பூசவும் கூடாது. டப்பாவில் செயல்படும் பொருள் ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு மட்டும் இருக்க வேண்டும். "ரீஃப் சேஃப்" என்ற எழுத்தை நம்பாதீர்கள், அது வெறும் விளம்பரச் சொல்லாகவும் இருக்கலாம். நீளக்கை ராஷ்கார்டு (நீச்சல் மேல்சட்டை) போட்டால் பாதி டப்பா மிச்சம்.

கடல் ஆமைக்கு 10 அடி, மாங்க் சீல் (ஹவாய்க் கடல்நாய்) மணலில் படுத்திருந்தால் 50 அடி தள்ளி நில்லுங்கள்.

பிப்ரவரி என்பதால் கூனல்முதுகுத் திமிங்கிலம் உச்சத்தில் இருக்கும். தலையைத் தண்ணீருக்குள் வைத்தாலே பாட்டுக் கேட்கும். பார்க்கப் போகும் படகு கானாபாலியில் துறை இல்லாமல் மணலுக்கே வந்து ஏணி போடும். அலை அடிக்கும்போது முழங்கால் அளவு தண்ணீரில் நின்று ஏற வேண்டும். அம்மாவுக்காக மாஅலயா துறைமுகத்திலிருந்து கிளம்பும் பெரிய படகைப் பதியுங்கள், அங்கே மேடையிலிருந்து ஏறலாம். ரப்பர் ராஃப்டில் கர்ப்பிணிகளை ஏற்ற மாட்டார்கள், துள்ளல் அதிகம். தங்கை மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பெரிய படகில் வரலாம்.

---

சேப்பந்தண்டு

லூவாவ். பெரியவருக்கு 150 முதல் 250 டாலர் வரை ஆகும், ஆறு பேருக்குக் கணக்குப் போட்டால் இந்தப் பயணத்தின் பெரிய செலவுகளில் ஒன்று. அதனால் எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள்.

பழைய ஹவாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிடக் கூடாது. பன்றி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் பெண்களுக்கு விலக்கு. 1819இல் இரண்டாம் கமேஹமேஹா பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு அந்தத் தடையை உடைத்தார். ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் உட்காரும் இன்றைய விருந்து அதற்குப் பிறகு வந்ததுதான்.

மேடை இரண்டு வகை. ஒன்று, ஹவாயை மட்டும் சொல்வது. பக்கத்து ஊரான லஹைனாவில் உள்ள ஓல்ட் லஹைனா லூவாவ் அப்படிப்பட்டது, அங்கே தீ நடனம் இருக்காது. மற்றது பாலினேசியா (ஹவாயும் சேர்ந்த பசிபிக் தீவுகள்) முழுவதையும் கலந்து தருவது: வேகமாக இடுப்பு ஆடினால் தஹிதி, பந்தைக் கயிற்றில் சுழற்றினால் நியூசிலாந்தின் மாவோரி, எரியும் கத்தியைச் சுழற்றினால் சமோவா. அந்தக் கத்திக்கு நெருப்பைச் சேர்த்தவர் சமோவாவைச் சேர்ந்த ஃப்ரெடி லெட்டூலி, 1946இல், அதுவும் சான் பிரான்சிஸ்கோவில். ரிசார்ட் லூவாவ் அநேகமாக இரண்டாவது வகை. உங்களுக்கு ஹவாய் வேண்டுமென்றால் முதல் வகைக்குப் போங்கள், பல வாரம் முன்பே பதிய வேண்டும்.

இமு திறப்பது என்று ஒரு நிகழ்ச்சி இருக்கும், மண்ணுக்குள் இருக்கும் அடுப்பு. குழியில் கியாவே விறகை எரித்து, துளை நிறைந்த எரிமலைக் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, நசுக்கிய வாழை மரத்தண்டைப் பரப்பி, முழுப் பன்றியை வைத்து, டி இலை, ஈரக் கோணி, கடைசியில் மண். ஆவி வாழைத்தண்டிலிருந்துதான் வருகிறது. ஆற்றுக் கல்லைப் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து வெடிக்கும், அதனால்தான் கல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல மணி நேரம் வேகும். அம்மாவுக்கு அந்தக் காட்சி பிடிக்காது என்றால் அந்தப் பத்து நிமிடம் கடல்பக்கம் உட்கார வையுங்கள். பந்திக்கு வரும் இறைச்சி பல இடங்களில் சமையலறை ஓவனில் வெந்ததுதான், குழியில் ஒரு பன்றியை வைத்து 500 பேருக்குப் போட முடியாது.

சைவத்துக்கு. நிச்சயமாகச் சாப்பிடலாம் என்பவை: போயி (அவித்த சேப்பங்கிழங்கை இடித்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்த கூழ்), அவித்த சர்க்கரைவள்ளி, உலு என்ற ஈரப்பலா, குலோலோ (சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பால், சர்க்கரை). ஹவுபியா தேங்காய்ப்பாலும் சோளமாவும் சேர்த்துக் கட்டியது, ஆனால் ஜெலட்டின் (விலங்கிலிருந்து எடுப்பது) போட்டார்களா என்று கேளுங்கள். ஏமாற்றுபவை: லாவுலாவு, இலைக்குள்ளே பன்றியோ மீனோ இருக்கும். பொஹோலே என்ற பெரணிக் குருத்து சாலட்டில் காய்ந்த இறால் போடுவது உண்டு. சேப்ப இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த பதார்த்தம் பார்க்கக் கீரைக்கூட்டு மாதிரி இருக்கும், உள்ளே கணவாய் அல்லது கோழி. மாக்கரோனி சாலட்டில் முட்டை மயோனீஸ். பதியும்போதே "இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் வேண்டாம்" என்று எழுத்தில் கேளுங்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும்.

போயியை வாயில் வைத்த உடனே முகம் சுளிக்காதீர்கள். அன்று பிசைந்தது இனிப்பு, இரண்டு மூன்று நாள் ஆனது புளிக்கும், உள்ளூர்க்காரர்கள் புளித்ததையே விரும்புவார்கள். தனியாகச் சாப்பிடாமல் உப்பான ஏதாவதோடு தொட்டுச் சாப்பிடுங்கள். ஹவாய்ப் பாரம்பரியத்தில் கலோ (சேம்பு) செடி ஹாலோவா என்ற மூத்த அண்ணன், மனிதன் அவனுக்குப் பின்னால் பிறந்த தம்பி. போயிக் கிண்ணம் திறந்திருக்கும்போது சண்டை போடக் கூடாது என்பார்கள். 12ம் 6ம் சேர்ந்திருக்கும் மேஜையில் இது நல்ல வசதி.

பிப்ரவரியில் சூரியன் 6.25ஐ ஒட்டி மறையும். வாசல் அநேகமாக 5 மணியை ஒட்டித் திறக்கும். கூடுதல் காசு கொடுத்து முன்வரிசை வாங்குவதைவிட ஓரத்து இருக்கை கேளுங்கள், அம்மா எழுந்து நடக்க வசதி.

---

உப்புக்காற்று

சேப்பந்தண்டு சொன்னதில் ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. சிறுசுகள் இருக்கும் வீட்டுக்குத் தீக்கத்தி இல்லாத மூன்று மணி நேர விருந்து நீளம். 6 வயதுப் பெண் எட்டு மணிக்கு மேஜையில் தூங்கிவிடுவாள். சமோவாவுடையது என்று தெரிந்து பார்த்தால் அதில் பொய் ஒன்றுமில்லை, ஆடுபவர்கள் பலர் சமோவாக்காரர்களே. ரிசார்ட் லூவாவ் அறையிலிருந்து நடக்கிற தூரம், தூங்கினால் ஒருவர் தூக்கிக்கொண்டு போகலாம். லஹைனாவிலிருந்து கார் எடுத்துத் திரும்ப வேண்டியதில்லை.

இரண்டுமே வேண்டாம் என்றால், மாலைத் தீப்பந்தம் ஏற்றுவதும் சங்கு ஊதுவதும் காசில்லாமல் கிடைக்கும். முடிந்த பிறகு புல்வெளியில் ஒருவர் கிதாரோடு பாடுவார், ஒரு பெண் ஹூலா ஆடுவார். அம்மாவுக்கு அதுவே நிறைவாக இருக்கலாம்.

அட்டவணையில் கோனானே என்ற ஹவாய்ப் பலகையாட்டம் இருக்கிறதா பாருங்கள். தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஆட அதைவிட நல்லது இல்லை. பலகைக் குழிகள் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல்லை நிரப்புவார்கள். முதலில் ஆடுபவர் நடுவிலிருந்தோ மூலையிலிருந்தோ தன் கல் ஒன்றை எடுப்பார், எதிராளி அதை ஒட்டிய தன் கல்லை. பிறகு எதிராளியின் கல்லைத் தாண்டிக் காலியிடத்தில் குதித்து அதை எடுக்க வேண்டும். நேர்க்கோட்டில் மட்டும், குறுக்கே இல்லை. ஒரே திசையில் அடுத்தடுத்துத் தாண்டலாம், நடுவே திரும்பக் கூடாது. குதிக்க வழி இல்லாதவர் தோற்றார். எதிராளியின் கல்லை எவ்வளவு எடுத்தோம் என்பது கணக்கே இல்லை, உங்களுக்கு நகர இடம் மிச்சம் வைப்பதுதான் ஆட்டம். பேராசைப்பட்டுத் தாண்டிக்கொண்டே போகிறவர் சீக்கிரம் மாட்டுவார்.

---

கீற்றுக்கொட்டகை

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. வரவேற்பில் லெய் போடுவார்கள் என்கிறார்கள், கர்ப்பிணி போடக் கூடாது என்று எங்கோ படித்தேன், சரியா? கடைசி நாள் எங்களிடம் இருக்கும் லெய்களை என்ன செய்வது? டிப்ஸ் எவ்வளவு?

---

ஊசிநூல்

கர்ப்பிணிக்கு மூடிய வட்ட லெய் போடுவதில்லை, தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றும் என்ற நம்பிக்கை. முனை திறந்த லெய் போடலாம். தங்கை கர்ப்பமாக இருப்பதை வந்த உடனே சொன்னால் அவர்களே டி இலையில் திறந்ததாகத் தருவார்கள். இல்லாவிட்டால் முடிச்சை அவிழ்த்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் போட்டுக்கொள்ளட்டும். கழுத்தைச் சங்கிலி மாதிரி ஒட்டிக் கிடக்காமல், முன்னாலும் பின்னாலும் சம அளவில் தோளில் விழ வேண்டும். போட்டவர் கண் முன்னால் கழற்றாதீர்கள்.

முடிந்ததும் குப்பையில் போட மாட்டார்கள். நூலை உருவி எடுத்துவிட்டுப் பூவை மரத்தடியில் மண்ணில் சேருங்கள். நூலோடு கடலில் வீசினால் ஆமை விழுங்கும். விமானத்தில் கொண்டு போவதானால் விவசாயச் சோதனை உண்டு. எலுமிச்சை இனத்துப் பூ, இலை, மோகிஹானா காய் கோத்தவற்றை அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கூட விட மாட்டார்கள். கடற்கரை மணலும் பவளத்துண்டும் எடுப்பது சட்டப்படி குற்றம், சின்னவள் பையைச் சோதித்துவிடுங்கள்.

டிப்ஸ்: கனூ, படகு ஆட்களுக்கு 15 முதல் 20 சதவீதம். லெய், ஓலை வகுப்பு எடுப்பவர் ரிசார்ட் ஊழியர் என்றால் எதிர்பார்க்க மாட்டார், வெளியிலிருந்து வரும் கலைஞர் என்றால் முன்னால் ஒரு சுரைக்குடுவையோ கூடையோ வைத்திருப்பார், அதில் போடுங்கள்.

---

மிதவைப்பக்கம்

ஒன்று விட்டுப்போனது. கனமழை பெய்த மறுநாள் கடல் பழுப்பாக இருந்தால் ஸ்நார்கல் வேண்டாம், மலையிலிருந்து இறங்கிய சேறும் கழிவும் அதில் இருக்கும். கனூவை அன்று வேறு நாளுக்கு மாற்றக் கேளுங்கள். பதியும்போதே கடைசி நாளுக்கு வைக்காமல் இரண்டாம் நாளுக்கு வைத்தால்தான் மாற்ற நாள் மிச்சம் இருக்கும்.